பார்த்துப் போ என்றால் போதுமா?

பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையிடம் "பார்த்துப் போ" என்று சொல்லாத தாய் நம் வீடுகளில் இல்லை. அந்தச் சொல்லுக்கு மேல் நம் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கவலையே மிஞ்சுகிறது.

2011 பிப்ரவரி 17ஆம் நாளைத் திருவனந்தபுரத்தில் வாழ்வோர் மறந்திருக்க முடியாது. மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வேன் கரிக்ககத்தில் பார்வதி புத்தனாற்றில் விழுந்தது. ஆறு குழந்தைகளும் உடன் சென்ற ஆயாவும் மாண்டனர். நம் சாலைக் கம்போளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடந்தது இது. அந்தப் பிஞ்சுகளிடம் யார் எத்தனை முறை "பார்த்துப் போ" என்று சொல்லியிருந்தாலும் என்ன பயன்? வண்டியை ஓட்டியது அவர்களா?

விதிகள் இல்லாமல் இல்லை. 1997 நவம்பரில் டில்லி வசீராபாத்தில் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 மாணவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், ஓட்டுநருக்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்றெல்லாம் ஆணையிட்டது. 2012 ஜூலையில் சென்னை சேலையூர் அருகே பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்கும் ஒரு குழந்தையையா விலையாகக் கொடுக்க வேண்டும்?

இனி நம் தெருவுக்கு வருவோம். (ஊரின் பெயரே சாலை, நடக்கத்தான் இடமில்லை!) காலை எட்டரை மணிக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை பாருங்கள். ஒருபுறம் லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது. அதனிடையே ஒரு ஸ்கூட்டரில் தந்தை, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. தந்தைக்கு மட்டும் ஹெல்மெட். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகளை ஓட்டுபவரோடு பட்டையால் பிணைக்க வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே 2023 ஜூனில் கேரளத்தில் புதிய கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கின. அப்போது மாநில அரசு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையை மூன்றாவது ஆளாக ஏற்றிச் செல்ல அனுமதி கேட்டது. மத்திய அரசு மறுத்துவிட்டது. மறுத்தது சரியே என்பேன். மண்டியில் வேலை செய்யும் தந்தை இரண்டு பிள்ளைகளுக்கு ஆட்டோ வாடகை கொடுக்க இயலாது என்பது உண்மைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவருக்குத் தரவேண்டியது குறைந்த கட்டணத்தில் ஒரு சிற்றுந்து. சட்டத்தில் விலக்கு அன்று. விலக்குக்கு அரசாங்கத்துக்குக் காசு செலவில்லை, அவ்வளவுதான்.

நியூயார்க் நகரில் மாடி ஜன்னலிலிருந்து குழந்தைகள் விழுந்து இறப்பது ஒரு காலத்தில் பெரும் தொல்லையாக இருந்தது. தாய்மாருக்கு அறிவுரை சொல்வதோடு அந்நகரம் நிற்கவில்லை. சிறு குழந்தைகள் உள்ள வாடகை வீடுகளில் ஜன்னலுக்கு வீட்டுக்காரரே தடுப்புக் கம்பி போட வேண்டும் என்று 1976இல் விதி செய்தது. விழுந்து இறக்கும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தனர். கடைக்கு மேல் மாடி அறைகளில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் ஒரு மணி நேரம் சரக்கு லாரிகள் கம்போளத்துக்குள் வராமல் தடுக்கலாம். திறந்து கிடக்கும் ஓடைகளுக்கு மூடி போடலாம். இவை மாநகராட்சியும் போக்குவரத்துப் போலீசும் செய்யக்கூடியவை. வியாபாரிகள் முதலில் முணுமுணுப்பார்கள். அவர்களின் பிள்ளைகளும் அதே தெருவில்தான் நடக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே நம் சங்கம் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, வார்டு கவுன்சிலரையும் போக்குவரத்து அலுவலரையும் நேரில் பார்க்க வேண்டும். மனுவை மலையாளத்திலும் எழுதிக் கொண்டு போவது நல்லது.