ஊசி அவள் கையில்

உகாண்டாவில் பதின்வயதுப் பெண்களுக்கும் கருத்தடை ஊசியைத் தாங்களே போட்டுக்கொள்ளக் கற்றுத் தந்திருக்கிறார்கள் என்றால், நம்மில் பலர் முகம் சுளிப்போம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

சயானா பிரஸ் என்ற அந்தச் சிறிய ஊசியை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மலாவியில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தாமே போட்டுக்கொண்ட பெண்களில் 73 சதவீதம் பேர் ஓராண்டு தொடர்ந்தார்கள். சுகாதாரப் பணியாளரிடம் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

தெரிந்தவர்கள் பார்க்க, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க எந்தச் சிறுபெண் துணிவாள்? ஒழுக்கம் கெடும் என்பவர்கள், படிப்பை விட்டுவிட்டுப் பிள்ளை பெறும் பதினாறு வயதுக்காரிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் முக்கியம். இந்த ஊசி எச்.ஐ.வி.யைத் தடுக்காது. ஆணுறையைப் பற்றியும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.