ஸ்டெப் எங்கேடா?

டிஸ்கி: கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. மொக்கை எதிர்பார்த்து வந்த மக்கள் அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்துக்கவும்.

எங்க ஆபீஸ் கேண்டீன்ல மதியம் ஒரு மணிக்கு பெற்றோர் மாநாடு கூடும். கல்யாணம் ஆகாத எனக்கு அதுல ஓட்டுரிமை கிடையாது, சாம்பார் சாதத்தோட ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் :-) போன வாரம் பஞ்சாயத்து என்னன்னா, ஒருத்தரோட பொண்ணு மூணாவது படிக்கிறா. புதுசா வந்த டீச்சர் கணக்கு பீரியட்ல போர்டுல ஒரே ஒரு கணக்கை எழுதிப் போட்டுட்டு பசங்களைப் பேச விடறாங்களாம். யார் எப்படிப் போட்டாங்க, ஏன் அப்படிப் போட்டாங்கன்னு அவங்களுக்குள்ளயே விவாதமாம். "நாப்பது நிமிஷத்துல ஒரு கணக்கு பாஸ்! நோட்டுல பாதிப் பக்கம் கூட ரொம்பலை. இதுக்கா லட்ச ரூபா ஃபீஸ் கட்டறோம்?" சுத்தி இருந்த அத்தனை பேரும் தலையாட்டினாங்க. எல்லாப் பெற்றோர்கிட்டயும் கையெழுத்து வாங்கி பிரின்சிபாலுக்கு மெயில் அனுப்பப் போறாங்களாம்.

அந்த டீச்சர் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா மெயில் போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியும். அடுத்த வாரத்திலிருந்து நாப்பது நிமிஷத்துக்கு இருபது கணக்கு, எல்லாம் போர்டைப் பார்த்துக் காப்பி, நோட்டு ரொம்பும், அப்பா அம்மா சந்தோஷமா இருப்பாங்க. அதனால அவங்க சார்பா இந்தப் பதிவு.

ஒரு கணக்கை வச்சுக்கிட்டு மூணாம் வகுப்புப் பசங்க அப்படி என்னதான் பேசிடுவாங்க? ஆவணமா இருக்கிற ஒரு வகுப்பைச் சொல்றேன். 1990 ஜனவரி, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம். டெபோரா பால்னு ஒரு டீச்சர். பல்கலைக்கழகத்துல வேலை பார்த்துக்கிட்டே தினமும் ஒரு ஆரம்பப் பள்ளியில மூணாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவங்க. ஒற்றை எண், இரட்டை எண் பாடம் ஓடிட்டு இருக்கு. ஷான்னு ஒரு பையன் (ஆராய்ச்சிக்காக மாத்தி வச்ச பேர்தான்) எழுந்து, 6 ஒற்றையாவும் இருக்கலாம், இரட்டையாவும் இருக்கலாம்னு சொன்னான்.

நம்ம ஊரா இருந்தா? "உட்காருடா, 6 இரட்டை எண்." மூணு செகண்ட்ல மேட்டர் ஓவர்.

அந்தம்மா உட்காரச் சொல்லலை, ஏன்னு கேட்டாங்க. பையன் சொன்ன காரணம்: 6ல மூணு ரெண்டு இருக்கு, மூணு ஒற்றை எண்ணாச்சே! வகுப்பே கொந்தளிச்சுப் போச்சு. ஒரு பொண்ணு எழுந்து வந்து அவனை மடக்கினா. அப்படிப் பார்த்தா 10லயும் அஞ்சு ரெண்டு இருக்கே, அதையும் ஒற்றைன்னு சொல்லுவியான்னு கேட்டா. பையன் அசரலை. ஆமா, நான் இதை யோசிக்கவே இல்லை, 10உம் அப்படித்தான்னு ஏத்துக்கிட்டான் :-) இப்ப வேற வழியே இல்லாம மொத்த வகுப்பும் 'இரட்டை எண்ணுன்னா என்ன?'ங்கிற வரையறைக்குப் போக வேண்டியதாப் போச்சு. நாம பத்தாவதுல கூட வரையறையை மனப்பாடம்தான் பண்ணினோம். அது எதுக்கு வேணும்னு இந்த எட்டு வயசுப் பசங்களுக்குச் சண்டை போட்டே புரிஞ்சுது.

கடைசியில அந்த மாதிரி எண்களுக்கு ஷான் எண்கள்னே பேர் வச்சுட்டாங்க. 2, 6, 10, 14, 18... நாலு நாலா போகும். 4ஆல வகுத்தா மீதி 2 வரும். இதுல ஒண்ணு கூட வர்க்க எண்ணா இருக்காது. ஏன்னு யோசிச்சுப் பாருங்க, பி.ஈ. படிச்சவங்களுக்கும் பத்து நிமிஷம் வேலை இருக்கு. ஷான் சொன்னது பாடப்புத்தகப்படி தப்பு. ஆனா அவன் கண்ணுல பட்டது நிஜமாவே இருக்கிற ஒரு கணித உண்மை. மூணு செகண்ட்ல உட்கார வச்சிருந்தா அந்தத் தப்போட சேர்ந்து அந்த உண்மையும் போயிருக்கும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எங்க அக்கா பையன், அவனும் மூணாவதுதான். டெஸ்ட்ல 52 - 27 கேட்டிருந்தாங்க. விடை 25னு சரியாத்தான் எழுதியிருந்தான். ஆனா பக்கத்துல சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி, 'ஸ்டெப் எங்கே?'ன்னு ஒரு கேள்வி, மார்க் பூஜ்யம். ஸ்கூல் பேர் வேணாம், எல்லா ஊர்லயும் அதே ஸ்கூல் வேற பேர்ல இருக்கு.

எப்படிடா போட்டேன்னு கேட்டேன். "மாமா, 50ல 20 போனா 30. ரெண்டுல ஏழு போகாது, அஞ்சு கொறையுது. அந்த அஞ்சை 30ல கழிச்சா 25." அப்படியே அசந்துட்டேன். எதிர்ம எண் அவனுக்கு ஆறாம் வகுப்புலதான் வரும். பேர் தெரியாமலே அதைப் புடிச்சு வேலை வாங்கியிருக்கான். ஸ்கூல் எதிர்பார்த்தது என்ன? 'ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு, ரெண்டு பன்னெண்டாச்சு, அஞ்சு நாலாச்சு.' வாங்கின கடனை எப்பத் திருப்பித் தருவோம்னு எந்தப் பையனும் கேட்டுடக் கூடாது. கேட்டா அதிகப்பிரசங்கி.

மளிகைக் கடை அண்ணாச்சி இருக்காரே, 52 ரூபா நோட்டுன்னு ஒண்ணு இருந்து 27 ரூபாய்க்கு நீங்க சாமான் வாங்கினா எப்படிச் சில்லறை தருவார்? 27ஓட மூணு முப்பது, இருபது அம்பது, ரெண்டு அம்பத்திரெண்டுன்னு எண்ணி கையில வைப்பார். கடனே கிடையாது (கணக்குல சொன்னேன், கடையில கடன் உண்டு). அவரும் நம்ம ஸ்கூல்ல பரீட்சை எழுதினா பூஜ்யம்தான்.

இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. பிரேசில்ல ரெசிஃபே நகரத்துத் தெருவுல இளநி, பழம் விக்கிற சிறுவர்களை வச்சு ஒரு ஆய்வு, 1985ல வெளியாச்சு. அஞ்சே பசங்கதான், ஆனா கணக்கு ஏகப்பட்டது. வியாபாரம் பண்ணும்போது போட்ட கணக்குல 98 சதவீதம் சரி. அதே பசங்ககிட்ட அதே மாதிரிக் கணக்கைப் பேப்பர்ல எழுதிக் கொடுத்தா 37 சதவீதம்தான் சரி. ஒரு காய் 35னா பத்து காய் எவ்வளவுன்னு கேட்டா, மூணு காய் 105, இன்னொரு மூணு 210னு கூட்டிக்கிட்டே போய் 350னு விடை சொன்னான் ஒரு பையன். 10ஆல பெருக்க ஒரு சைபர் போட்டாப் போதும்ங்கிறது பள்ளிக்கூட விதி. அவன் அதைத் தேடிப் போகலை, தனக்குப் புரிஞ்ச வழியில போனான். 2025ல 'நேச்சர்' இதழ்ல நம்ம கொல்கத்தா, டெல்லி சந்தையில வேலை பார்க்கிற குழந்தைகளைப் பத்தி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு எழுதின கட்டுரையும் இதே கதைதான். கடையில கணக்குல புலி, பாடப்புத்தகக் கணக்குன்னா முழி. தலைகீழாவும் உண்டு: பள்ளியில மட்டும் படிக்கிற பசங்களுக்குச் சந்தைக் கணக்கு தடுமாறுது.

"ஏழைப் பசங்களுக்கு இந்த விவாதம் எல்லாம் ஆடம்பரம் பாஸ், அவங்களுக்கு முதல்ல அடிப்படை வரட்டும்"னு கேண்டீன்ல ஒருத்தர் ரொம்ப அக்கறையா சொன்னார். ஏங்க, அந்தப் பசங்க மண்டையில ஏற்கனவே கணக்கு இருக்கு. அதை வெளியே எடுக்க விடாதது யாரு? அடிப்படை அடிப்படைன்னு நாம போட்டு அரைச்ச லட்சணம் 2024 ஏசர் அறிக்கையில இருக்கு. நாடு முழுக்கக் கிராமப்புறத்துல அஞ்சாவது படிக்கிற பசங்கள்ல, மூணு இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால வகுக்கத் தெரிஞ்சவங்க சுமார் 30 சதவீதம். இவங்க யாரும் வகுப்புல பேசிப் பேசிக் கெட்டுப்போனவங்க இல்லை. கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்கார்ந்தவங்கதான்.

அடுத்து வரும் பிரம்மாஸ்திரம்: "நாமெல்லாம் அப்படித்தானே படிச்சோம், நல்லாத்தானே இருக்கோம்?" நல்லா இல்லாதவங்க இந்தக் கேண்டீன்ல சாப்பிடறதில்லையே சார். என்கூட ஒண்ணாவது சேர்ந்தவங்க எத்தனை பேர் கணக்குக்குப் பயந்தே பத்தாவதோட நின்னாங்கன்னு கணக்கெடுத்தா இந்த வாதம் எழுந்து நிக்காது. சரி, நல்லா இருக்கிற நம்மையே எடுத்துப்போம். ஒரு ஃப்ரெஷர் கோடு எழுதிட்டு வந்து 'அவுட்புட் வந்துருச்சு'ன்னா விட்டுடறோமா? ரிவ்யூவுல உட்கார வச்சு ஏன் இந்த வழி, வேற வழி இல்லையா, இந்த இன்புட் வந்தா என்ன ஆகும்னு குடைஞ்சு எடுக்கறோம். பாதிப் பேருக்கு வாயே வராது. கோடு ஓடும், ஏன் ஓடுதுன்னு சொல்லத் தெரியாது. ஏன்னா பதினாறு வருஷப் படிப்புல யாருமே அவங்களை ஏன்னு கேட்டதில்லை. இப்படிப் புலம்பற அதே டீம் லீடுதான் மூணாவது படிக்கிற பொண்ணுகிட்ட ஏன்னு கேட்கிற டீச்சருக்கு எதிரா மெயில் போடறார். அவ்வ்வ்வ்.

பேசாத வகுப்பு எங்க கொண்டு போய் விடும்னா, ஃபிரான்ஸ்ல கிரெனோபிள் நகரத்துல சின்னப் பசங்க 97 பேர்கிட்ட ஒரு கணக்கு கொடுத்தாங்க. கப்பல்ல 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு இருக்கு, கேப்டன் வயசு என்ன? 76 பேர் அந்த எண்களை வச்சு ஏதோ பண்ணி ஒரு வயசைக் கண்டுபிடிச்சுட்டாங்க! இதைப் பத்தி ஸ்டெல்லா பரூக்னு ஒருத்தர் 1985ல புத்தகமே போட்டாங்க. பசங்க முட்டாளா? இல்லவே இல்லை. கணக்கு வகுப்புல 'இது அபத்தமா இருக்கே மிஸ்'னு சொல்ல அனுமதி இல்லைன்னு நல்லாப் புரிஞ்சுக்கிட்ட புத்திசாலிப் பசங்க.

தமிழ்நாட்டுல இதுக்கு முயற்சியே நடக்கலைன்னும் சொல்ல முடியாது. செயல்வழிக் கற்றல் 2003 வாக்கில சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு, 2007-08ல மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. ஆந்திராவுல ரிஷிவேலி பள்ளிக்காரங்க பண்ணினதைப் பார்த்து எடுத்தது. பிரம்பு போச்சு, டீச்சர் தரையில வந்து உட்கார்ந்தாங்க, அதெல்லாம் பெரிய விஷயம். ஆனா என் அபிப்ராயத்துல, கணக்குல ஒரு முக்கியமான இடம் விட்டுப்போச்சு. ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துக்கிட்டு தன் ஏணியில தனியா ஏறிச்சு. ஒரே கணக்கை மூணு பேர் மூணு விதமாப் போட்டு மோதிக்கிற சந்தர்ப்பம் ரொம்பக் குறைவு. 2022ல 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சாங்க, ஆடல் பாடல் எல்லாம் சேர்ந்துது. ஆப்ல மதிப்பீடு ஏத்தறதுக்கே நேரம் சரியாப் போகுதுன்னு ஆசிரியர்கள் புலம்பினாங்க. பேசறதுக்கு எங்க நேரம்?

இவ்வளவுக்கும், 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணக்குக்குன்னு போட்ட குழுவுக்குத் தலைவரே நம்ம சென்னை ஆள்தான். அப்போ கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியரா இருந்த ரா. ராமானுஜம், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர். குழந்தை யோசிக்கிற விதத்தைக் கணிதமயமாக்கறதுதான் பள்ளிக் கணக்கோட முக்கிய நோக்கம்னு அந்தக் குழு தெளிவா எழுதி வச்சுது. இருபது வருஷம் ஆச்சு. நாம இன்னும் நோட்டு ரொம்பிச்சான்னு பார்த்துட்டு இருக்கோம்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நல்ல வாதம் இருக்கு, அதை மழுப்பக் கூடாது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு மூணு பேர் 2006ல எழுதின கட்டுரை பிரபலம். வழிகாட்டாம 'நீயே கண்டுபிடி'ன்னு விட்டா புதுசாப் படிக்கிறவன் திண்டாடுவான்ங்கிறது அவங்க கட்சி. ஒத்துக்கறேன். ஆனா பேச விடறதும் அம்போன்னு விடறதும் ஒண்ணா? அந்த மிச்சிகன் வகுப்புல டீச்சர் சும்மா இருக்கலை. யாரை அடுத்துப் பேச வைக்கணும், எதைப் போர்டுல எழுதணும், எந்தச் சண்டையை வளர விடணும்னு ஒவ்வொரு நிமிஷமும் முடிவெடுத்துட்டு இருந்தாங்க. இருபது கணக்கைப் போர்டுல எழுதிப் போடறதை விட இது பத்து மடங்கு கஷ்டம். டீச்சருக்கே கணக்கு ஆழமாத் தெரிஞ்சிருக்கணும். அதனால, பயிற்சி கொடுங்க, சிலபஸைக் குறைங்கன்னு கேளுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். வாய்ப்பாடு வேண்டாம்னும் நான் சொல்லலை. ஏழெட்டு அம்பத்தாறு சட்டுன்னு வந்தாத்தான் விவாதமே சூடு பிடிக்கும்.

ஒரு வகுப்புல நாப்பது பேர்னா எப்படின்னு கேட்பீங்க. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட ரெண்டு நிமிஷம் சொல்லுன்னா இருபது பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க. சத்தம் வரும், வரட்டும். ரெண்டு ஆசிரியர் அஞ்சு வகுப்பைப் பார்க்கிற அரசுப் பள்ளியில நாலாவது படிக்கிறவன் ரெண்டாவது படிக்கிறவனுக்குச் சொல்லித் தர்றது இன்னிக்கும் நடக்குது. வேற வழியில்லாம நடக்கிறதைக் கொஞ்சம் திட்டம் போட்டுச் செய்யலாம்.

இதைப் படிக்கிற டீச்சர் மக்கள் சில பேர் இருக்கீங்க. உங்களுக்கு ஒரே விண்ணப்பம். 'எப்படிடா போட்டே?'ங்கிற கேள்வியைச் சரியான விடை சொன்னவன்கிட்டயும் கேளுங்க. இப்ப அதைத் தப்பாப் போட்டவன்கிட்ட மட்டும்தான் கேட்கறோம். அதனால எப்படின்னு கேட்டாலே பசங்க பதறி விடையை அழிச்சுடறாங்க.

பெற்றோர்களுக்கு: வீட்டுல மூணாவது நாலாவது படிக்கிற வாண்டு இருந்தா ஞாயித்துக்கிழமை இதைக் கேட்டுப் பாருங்க. அறுபது, எழுபது, எண்பதுன்னு வந்துட்டு அடுத்தது ஏன் தொண்ணூறு? நூறே இன்னும் வரலையே, அதுக்குள்ள பேர்ல எப்படி நூறு வந்து உட்கார்ந்துச்சு? எண்ணூறுக்கு அடுத்தது ஏன் தொள்ளாயிரம்? பத்து நிமிஷம் நீங்க வாயைத் திறக்கக் கூடாது, கூகுளும் பண்ணக் கூடாது. வாண்டு என்ன சொல்லுச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க. நிறைய ஆணி பாக்கி இருக்கு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.