விவசாயி என்றால் ஆண்பிள்ளைதானா?

கிராமத்தில் கணக்கெடுக்கப் போகிறவர் "இந்த வீட்டில் விவசாயி யார்?" என்று கேட்டால், உடனே ஆண்பிள்ளையின் பெயர்தான் வரும். களை எடுத்துவிட்டுச் சேற்றுக் காலோடு கரையேறும் பெண்மணியிடம் "நீங்கள் என்னம்மா வேலை பார்க்கிறீர்கள்?" என்றால், "நான் சும்மாதான் இருக்கேன்" என்பார். அடக்கத்தால் சொல்வது அல்ல இது. ஊர் அப்படியே சொல்லிவர, அவரும் தம்மை அப்படி எண்ணப் பழகிவிட்டார்.

விதை நெல்லைக் காயவைத்து, நொச்சி இலை போட்டுக் குதிரில் காப்பவர் அவர். நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்து, தூற்றுவதும் அவரே. ஆனால் ஏர் பிடிப்பவன்தான் உழவன். பெண் ஏரைத் தொட்டால் ஊருக்கு ஆகாது என்ற பேச்சு பல இடங்களில் உண்டு. உடல் பலம் போதாது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். வைக்கோல் கட்டையும் விறகுச் சுமையையும் தலையில் வைத்துக் கொண்டு மைல் கணக்கில் நடப்பவருக்கா பலம் போதாது? ஏர் போய் டிராக்டர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. டிராக்டருக்கு வேண்டியது டீசல். ஆனாலும் அதன் இருக்கையில் பெண் உட்காருவது அரிதாகவே இருக்கிறது.

இன்னொரு உதாரணம் கண்கூடானது. கையால் களை எடுப்பது காலங்காலமாகப் பெண்கள் வேலை. குனிந்து செய்யும் பொறுமை அவர்களுக்குத்தான் உண்டு என்பார்கள். திருந்திய நெல் சாகுபடி வந்து, கோனோ களைக் கருவியும் வந்தபோது, பல ஊர்களில் அதே வேலை ஆண்கள் கைக்குப் போயிற்று. கூலியும் கூடிற்று! களை மாறவில்லை, வயலும் மாறவில்லை. வேலையை ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்தது இயற்கை அல்ல, ஊர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் வேண்டும். 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான். கணவர் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ பிழைக்கப் போய்விட, பட்டா மாமனார் பெயரிலேயே கிடக்க, மூன்று போகம் தனியாகச் சாகுபடி செய்த பெண் மழையில் பயிரை இழந்தால், நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் இராது.

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடி நிலம் வைத்திருப்போரில் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான் பெண்கள். சட்டம் இல்லாமல் இல்லை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது. அப்போது திருமணமாகி இருந்த பெண்களுக்கு அது இல்லை. 2005-இல் மத்திய சட்டம் அந்தத் தடையையும் நீக்கியது. ஆனால் சீர் செய்தாயிற்று என்று சொல்லி, அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் போகவில்லை. கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமற்றது என்று வெளியில் நிற்பவர் சொல்லிவிடலாம். கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு அது லேசானது அல்ல.

நிலம் இல்லாதவரும் பயிர்த்தொழில் செய்தால் விவசாயியே என்று 2007-ஆம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கை தெளிவாகவே கூறுகிறது. பெண் விவசாயிகளுக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்று டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறாமலே காலாவதியாயிற்று. அதை மீண்டும் எடுக்க எந்த அரசுக்கும் தடை இல்லை. அதுவரை, அடங்கலில் சாகுபடி விவரம் பதியும் கிராம நிர்வாக அலுவலர் திண்ணையில் இருக்கும் பெரியவரை மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், வயலில் நிற்பவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம். பாகப்பிரிவினை செய்யும் குடும்பங்கள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம்.