கோலுக்குக் கைதட்டல், தோலுக்கு வசை: வினிசியஸ் வழக்குகள் உணர்த்துவது என்ன?

2023 மே 21 அன்று, ஸ்பெயினின் வலென்சியா நகரிலுள்ள மெஸ்தாயா அரங்கில் ரியல் மாட்ரிட் அணியின் பிரேசில் வீரர் வினிசியஸ் ஜூனியர் ஆட்டத்தின் நடுவே நின்றார். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து தன்னைக் குரங்கு என்று இழித்தவரை நடுவருக்குச் சுட்டிக்காட்டினார். ஆட்டம் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. அந்தச் சுட்டுவிரல்தான் ஐரோப்பியக் கால்பந்தின் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது.

2000ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் சாவ் கொன்சாலோவில் பிறந்த கறுப்பின இளைஞர் வினிசியஸ். ஃபிளமெங்கோ கழகத்தில் வளர்ந்து, 18 வயதில் மாட்ரிட் சென்றார். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. 2024 இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். திறமையால் உயர்ந்துவிட்டால் பிறப்பின் பெயரிலான இழிவு தானே மறையும் என்று நமக்கு ஓயாமல் சொல்லப்படுகிறது. அந்த அறிவுரைக்கு இவரது வாழ்க்கையே மறுப்பு. அவர் உயர உயர வசையும் உயர்ந்தது.

தொடக்கத்தில் சட்டம் கண்ணை மூடிக்கொண்டது. 2022 செப்டம்பரில் அத்லெடிகோ மாட்ரிட் ரசிகர்கள் அவரைக் குரங்கு என்று பாடியது பற்றிய புகாரை அரசு வழக்குத் தரப்பு கைவிட்டது. முழக்கம் சில நொடிகளே நீடித்தது, கடும் போட்டியுள்ள ஆட்டச் சூழலில் எழுந்தது என்பன காரணங்களாயின. இழிவுபடுத்தலைக் கடிகாரத்தால் அளக்கும் இந்த வாதம் நமக்குப் புதிதன்று. "கோபத்தில் வந்த சொல்" என்ற எதிர்வாதத்தை வன்கொடுமை வழக்குகளில் நாம் நாள்தோறும் எதிர்கொள்கிறோம்.

மெஸ்தாயாவில் நடந்த மற்றொன்றும் கவனத்துக்குரியது. ஆட்டத்தின் இறுதியில் மூண்ட தள்ளுமுள்ளில் வினிசியஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. எதிரணி வீரர் அவரது கழுத்தைப் பிடித்து இழுத்த காட்சி, காணொளி மறுஆய்வின்போது நடுவருக்குக் காட்டப்படவில்லை. அவர் திருப்பி அடித்த காட்சி மட்டுமே காட்டப்பட்டது. முழுச் சூழலும் நடுவருக்குக் கிடைக்கவில்லை என்று கூறி, ஒழுங்குக் குழு பின்னர் அந்த அட்டையை ரத்து செய்தது. சான்றின் ஒரு பாதியை வெட்டிவிட்டால் பாதிக்கப்பட்டவர் குற்றவாளியாகிறார். எதிர்ப்புகார்களின் இலக்கணமும் இதுவே. லா லீகா தலைவர் ஹவியர் தெபாஸும் முதலில் வினிசியஸைத்தான் பொதுவெளியில் கடிந்தார். மன்னிப்புக் கேட்டது பிறகுதான்.

அதன்பின் வந்த தீர்ப்புகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2024 ஜூனில், குற்றத்தை ஒப்புக்கொண்ட மூன்று வலென்சியா ரசிகர்களுக்கு 8 மாதச் சிறையும் 2 ஆண்டு அரங்கத் தடையும் விதிக்கப்பட்டன. ஸ்பெயினின் கால்பந்து அரங்க இனவெறிக்கு அதுவே முதல் தண்டனை. தனிமனித மாண்புக்கு எதிரான குற்றம் என்றும், இனப்பாகுபாடு அதைக் கடுமையாக்கும் காரணி என்றும் அத்தீர்ப்பு கொண்டது. 2025 மே மாதம், வயதோலித் அரங்கில் 2022 டிசம்பரில் வசை பாடிய ஐவருக்குத் தண்டனை விதித்தபோது நீதிமன்றம் ஓரடி முன்சென்று, அதை வெறுப்புக் குற்றம் என்றே பெயரிட்டது. அடுத்த மாதம், 2023 ஜனவரியில் மாட்ரிட் பாலமொன்றில் அவரது உருவப்பொம்மையைத் தூக்கிலிட்ட நால்வர் தண்டிக்கப்பட்டனர்.

சிறைத்தண்டனைகள் நிறுத்திவைக்கப்பட்டதால் இவற்றைப் பயனற்றவை எனச் சிலர் ஒதுக்குகின்றனர். நாம் அப்படிக் கருதவில்லை. குற்றத்துக்கு இடப்படும் பெயரே சட்டத்தின் பார்வையைக் காட்டுகிறது. ஒருவரின் மனம் புண்பட்டது என்பதிலிருந்து, ஒரு மக்கள் கூட்டமே தாக்கப்பட்டது என்பதை நோக்கி அப்பார்வை நகர்ந்திருக்கிறது.

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப்பெயர் சொல்லி வைவதை வெளிப்படையாகவே குற்றமாக்குகிறது. ஆயினும் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் பட்டாசு வெடித்துச் சாதி வசை பாடினார்கள். தொடரின் நடுவே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர் அவர். பதக்கத்துக்காக ஆடியவரின் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது.

வழக்குகளின் சுமையைச் சுமப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆடும் ஆசையே குறைந்துவருவதாக 2024 மார்ச்சில் செய்தியாளர்கள் முன் வினிசியஸ் கண்ணீர் விட்டார். புகார் சொல்வதும் அடையாளம் காட்டுவதும் அவர் வேலையாகிவிட்டன. 2023இல் ரியோ மாநிலம் அவர் பெயரால் இயற்றிய சட்டம், இனவெறி நிகழும்போது ஆட்டத்தை இடைநிறுத்தவும் முடித்துவிடவும் வழிசெய்கிறது. பொறுப்பை அது ஆட்டத்தை நடத்துவோரிடம் ஒப்படைக்கிறது.

நமது கல்லூரி மைதானங்களுக்கும் விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்கும் இத்தகைய விதி தேவை. சாதி வசை எழும் கணத்தில் ஆட்டத்தை நிறுத்துவதும், காணொளியை முழுமையாகப் பாதுகாப்பதும், புகாரைத் தானே முன்னெடுப்பதும் நடத்தும் அமைப்பின் கடமையாக வேண்டும். ஒவ்வொரு முறையும் விரல் நீட்டிக் காட்டும் வேலையை வசை வாங்கியவர் தலையிலேயே கட்டுவது நீதியாகாது.