மருந்து தந்தார்கள், சோறு எங்கே?

காசநோய் ஏழையின் வியாதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த வியாதிக்கு வீட்டிலிருந்தபடியே வைத்தியம் செய்யலாம் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியதும் ஏழைகள்தாம். அதுவும் நம்முடைய சென்னைப் பட்டணத்து ஏழைகள். இதை அறிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பஞ்சாலையில் ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியும், வயலில் இடுப்பொடியக் குனிந்து நடவு நடும் விவசாயத் தொழிலாளியும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது அவர்களைப் போன்றவர்களின் உடம்பில் நடந்த ஆராய்ச்சி. இந்த வியாதியைப் பற்றி ஆராய்ச்சி இரண்டு விஷயங்களை நிரூபித்திருக்கிறது. ஒன்றை ஆட்சியாளர்கள் ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். மற்றதைக் கொடுப்பதற்கு அவர்களுக்குக் கை நடுங்குகிறது.

1950-களின் தொடக்கத்தில் காசநோய்க்கு என்ன வைத்தியம்? சானடோரியம்! நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை. மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் இன்றைக்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயரோடு நிற்கிறது. அது அந்தக் காலத்தின் மிச்சம். நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். படுக்கை கிடைத்தாலும் கூலிக்காரன் எப்படிப் போய்ப் படுப்பான்? அவன் ஒரு வருஷம் படுத்தால் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

இந்த நிலையில்தான் 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி அமைத்த நிலையம் அது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேயர் முன்னின்று நடத்தினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: இப்போது ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற மருந்துகள் வந்துவிட்டன. அவற்றை ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால், குடிசையில் இருப்பவனும் சானடோரியத்தில் இருப்பவனைப் போலவே குணமடைவானா?

இதற்கு எப்படி விடை காண்பது? டாக்டரே பார்த்து, "நீ வீட்டுக்குப் போ, நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்று பிரித்தால் கணக்குக் கெட்டுவிடும். இரக்கமுள்ள டாக்டர் மோசமான நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். லேசான நோயாளி வீட்டில் தேறிவிடுவான். வீடே மேல் என்று முடிவு வரும். அந்த முடிவு பொய். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, ஆள் முகம் பாராமல் 193 நோயாளிகளையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு. ஒரு பிரிவு சொந்த வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து.

இந்த முறை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வைத்தியத்தில் நிலைபெற்றது. ஸ்ட்ரெப்டோமைசின் புதிதாக வந்தபோது, எல்லோருக்கும் கொடுக்கும் அளவு பிரிட்டனிடம் மருந்து இல்லை. 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர். 1948-இல் வெளியான முடிவு இது. ஆனால் தனி மருந்தாகக் கொடுத்ததால், பிழைத்தவர்கள் பலரின் நுரையீரலில் அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் தலைதூக்கின. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு மருந்துக்கு அடங்காதது எங்கோ ஒன்று இருக்கும். இரண்டு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காதது மிகமிக அபூர்வம். அதனால்தான் சேத்துப்பட்டில் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் டாக்டர் மூன்று, நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, "உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே" என்று எச்சரிப்பது இதனால்தான்.

நோயாளி "தேறிவிட்டேன்" என்று சொல்வதை ஆராய்ச்சியாளர்கள் கணக்கில் வைக்கவில்லை. கபத்தில் கிருமி இருக்கிறதா, போயிற்றா? அதுதான் தீர்ப்பு. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சோதனைச்சாலை ஊழியர்கள். இந்தக் கிருமியோ மகா சோம்பேறி. சாதாரணக் கிருமிகள் அரைமணி நேரத்தில் ஒன்று இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். முட்டை கலந்த கூழைக் குப்பியில் உறைய வைத்து, அதில் கபத்தை விதைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, முளைத்ததா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான குப்பிகள், மாதா மாதம். பத்திரிகைகளில் பெயர் வராத உழைப்பு இது.

நோயாளிகளின் வீடுகளுக்கும் ஆட்கள் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஏழையை நம்பவில்லையா என்று கோபம் வரலாம். ஆனால் பி.ஏ.எஸ். குடலைப் புரட்டும் மருந்து. அதை ஒரு வருஷம் தினமும் விழுங்குவது லேசல்ல. மனிதர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டதால்தான், வாரத்தில் இரண்டே நாள் நேரில் வரவழைத்து மருந்து கொடுக்கும் முறையை அதே நிலையம் சோதித்து, 1964-இல் வெளியிட்டது. பின்னர் உலகம் முழுவதும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது ஒரு வேர்.

வீடு, சானடோரியம் ஒப்பீட்டின் முடிவு 1959-இல் வந்தது. ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. நெரிசலான குடிசையில், அரைகுறைச் சாப்பாட்டில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு அடைந்த பலன் இது! வீட்டில் நோயாளி இருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அதிகமாகத் தொற்றுமே என்ற பயமும் ஆதாரமற்றது என்று தெரிந்தது. மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அபாயம் விரைவில் குறைகிறது.

உலகம் இந்த முடிவை ஏற்றது. பணக்கார நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன. கோடானுகோடி நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே பிழைத்தார்கள்.

இது சாத்தியமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐசோனியாசிட் மலிவு. ஏன் மலிவு? அந்த ரசாயனம் 1912-லேயே பிராக் நகரில் தயாரிக்கப்பட்டுவிட்டது. அதற்குக் காசநோயைத் தீர்க்கும் சக்தி உண்டென்று 1951, 52-இல் மூன்று பெரிய கம்பெனிகள் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. பழைய சரக்கு ஆனதால் எவரும் அந்தப் பொருளுக்குத் தனி உரிமை கொண்டாட முடியவில்லை. முதலாளிகளின் தயவால் கிடைத்த மலிவு அல்ல இது! வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பெடாகுவிலின் சாட்சி. மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கான இந்த மருந்தின் காப்புரிமையை 2027 வரை இழுக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி இந்தியாவில் மனுப் போட்டது. எதிர்த்து நின்றவர்கள், இதே வியாதியிலிருந்து பிழைத்து, பழைய மருந்தின் பக்க விளைவால் காது கேளாமல் போன இரண்டு பெண்கள். 2023 மார்ச்சில் மனு தள்ளுபடி ஆயிற்று. பிறகுதான் இந்தியக் கம்பெனிகள் அதை மலிவாகத் தயாரிக்க வழி பிறந்தது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சேத்துப்பட்டு ஆராய்ச்சி சொன்னது என்ன, சொல்லாதது என்ன?

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும் கிருமி சாகும். இதை அது சொன்னது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடிய அளவுக்கு வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடவில்லை என்பதையும் அது மறைக்காமல் எழுதி வைத்தது. ஆனால் ஏழைக்குச் சாப்பாடு அவசியமில்லை என்று அது எங்கே சொன்னது? அடுத்தவனுக்கு இந்த வியாதி வராமல் தடுக்கச் சோறு உதவுமா என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதைப் போலப் பல பத்தாண்டுகள் நடந்தன. மாத்திரை கொடுத்தாகிவிட்டது, கடமை தீர்ந்தது! சாப்பாட்டு விஷயத்தைப் புத்திமதியாக்கிவிட்டார்கள்: "சத்தான உணவு சாப்பிடுங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எந்தக் கடையில், எந்தக் காசில் என்று எழுதவில்லை.

ஆராய்ச்சி என்றால் வேண்டிய முடிவை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுவதல்ல. அதற்கும் நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் லட்சக்கணக்கான மக்களிடம் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. யாருக்கும் பிடிக்காத முடிவுதான், வெளியிட்டார்கள். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயைத் தடுப்பதால் ஊசி இன்றும் தொடர்கிறது.

கேட்கப்படாத அந்தச் சோற்றுக் கேள்வியைக் கடைசியில் கேட்டது ஜார்க்கண்டில். 2019-இல் தொடங்கி, சேத்துப்பட்டு நிலையமும் பங்கெடுத்து நடந்த ஆராய்ச்சி அது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பத்தினர். நோயாளிகள் எல்லோருக்கும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் சேர்ந்த 10 கிலோ உணவு மாதந்தோறும் கிடைத்தது. குடும்பத்தினரில் ஒரு பிரிவுக்கு ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. மற்றப் பிரிவுக்கு இது இல்லை.

2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 குறைந்தது. கபத்தில் கிருமி உறுதியான நோய் நூற்றுக்கு 48 குறைந்தது. ஏறக்குறைய பாதி! நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து கூடியவர்களுக்குச் சாவின் அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தது.

அரிசியும் பருப்பும் உடம்புக்கு நல்லது என்று நிரூபிக்க ஆராய்ச்சி வேண்டுமா என்று நம் வாசகர் சிரிக்கலாம். வேண்டித்தான் இருக்கிறது. கஜானா சாவியை வைத்திருப்பவர்கள் பசியை நம்புவதில்லை, புள்ளிவிவரத்தைத்தான் நம்புகிறார்கள். இப்போது புள்ளிவிவரமும் வந்துவிட்டது. இனி என்ன சாக்கு?

மத்திய சர்க்கார் 2018 ஏப்ரலில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று ஆரம்பித்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாய் ஆக்கியது. வரவேற்கிறோம். ஆனால் அது நோயாளிக்கு மட்டும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு? உணவுப் பொட்டலம் கொடுக்கும் நன்கொடையாளர்கள் இனிக் குடும்பத்தாருக்கும் கொடுக்கலாம் என்றார்கள். அதாவது ஆராய்ச்சி நிரூபித்த ஒரு தடுப்பு மருந்தை உபகாரியின் மனசுக்கு விட்டார்கள். தடுப்பூசியை இப்படி யாராவது நன்கொடைக்கு விடுவார்களா?

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. நோயைக் கண்டுபிடித்த உடனே எடை பார்த்து, மூச்சைப் பார்த்து, எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, எலும்பும் தோலுமாய் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதற்கு வேண்டியது எடை மிஷினும் அக்கறையும்தான். ஆனால் எலும்பும் தோலுமான பிறகு காப்பாற்றுவது ஒன்று. அந்த நிலைக்கு வராமல் தடுப்பது வேறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2023-இல் இந்தியாவில் சுமார் 28 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

நிரந்தர வேலையில் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது; காசநோய் வந்தால் நீடித்த நோய்ச் சலுகையாகக் கூலியில் நூற்றுக்கு 80 பெற வழி உண்டு. தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. அதே ஆலையில், அதே பஞ்சுத் தூசியில் நிற்கும் காண்டிராக்டுத் தொழிலாளியின் பெயர் பல இடங்களில் ரிஜிஸ்டரிலேயே இருப்பதில்லை. விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ.யே கிடையாது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே அவர் கூலிக்குப் போக வேண்டும்; போகாவிட்டால் முதலில் குறைவது பிள்ளைகளின் தட்டில் உள்ள சோறு. அடுத்த நோயாளி அங்கேதான் உருவாகிறான்.

எனவே நாம் கேட்பது இது. காசநோய் உறுதியான நாளிலிருந்து அந்தக் குடும்பத்தின் ஒவ்வொருவருக்கும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ரேஷன் கடையிலேயே, கூடுதல் பங்காக, காசில்லாமல் கிடைக்க வேண்டும். முதல் இரண்டு மாதம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது; ஆகவே மூன்றாம் மாதம் வந்து சேரும் பணத்தால் பயனில்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு விவசாயத் தொழிலாளிக்கும் கூலி இழப்புக்கு ஈடு வேண்டும். எந்த மாதத்திலிருந்து இது கிடைக்கும் என்பதற்கு மத்திய, மாநில சர்க்கார்கள் தேதி போட்டுப் பதில் சொல்லட்டும்.