மம்தாவின் மாற்றமும் மதுவா மக்களின் குடியுரிமையும்

2005 ஆகஸ்ட் 4 அன்று மக்களவையில் மம்தா பானர்ஜி கையிலிருந்த தாள்களைத் துணை சபாநாயகரின் இருக்கையை நோக்கி வீசினார். வங்கதேசத்திலிருந்து சட்டவிரோதமாக வந்தவர்கள் மேற்கு வங்க வாக்காளர் பட்டியலில் நுழைந்துவிட்டார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. அதை விவாதிக்க அனுமதி கிடைக்காத கோபம் அது. அப்போது மாநிலத்தை ஆண்டது இடது முன்னணி.

2018 ஜூலையில் அசாம் குடிமக்கள் பதிவேட்டின் வரைவிலிருந்து 40 லட்சம் பேர் விடுபட்டபோது, அதை மிக உரக்க எதிர்த்த முதல்வரும் அதே மம்தாதான். ஊடுருவல் என்று முழங்கியவர், குடியேறியவர்களின் காவலராக மாறியிருந்தார். அவருடைய எதிரிகள் 2005ஐ இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

தலைவர்கள் கருத்தை மாற்றிக்கொள்வதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. இந்த விவாதத்தில் யாருடைய வாழ்க்கை பந்தாடப்படுகிறது என்பதே நம் கேள்வி. கிழக்கு வங்கத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் பெரும் பகுதியினர் நாமசூத்திரர்கள்; பட்டியல் சாதி மக்கள். சாதி இழிவை எதிர்த்து ஹரிசந்த் தாக்கூர் தொடங்கிய மதுவா நெறியைப் பின்பற்றுபவர்கள். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு வங்கத்திலிருந்துதான் தேர்வானார். அதற்குத் துணை நின்ற ஜோகேந்திரநாத் மண்டல் இந்தச் சமூகத்தவர். நாட்டுக்கு அரசியல் சட்டம் வகுத்தவரை அனுப்பிய மக்களின் பிள்ளைகள், நாங்கள் இந்தியர்கள்தானா என்று இன்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களை வைத்து முகம் மாற்றியதில் மம்தா முதல்வரல்ல. தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்ட அகதிகளை வங்கத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்று இடதுசாரிகள் எதிர்க்கட்சியாக இருந்தபோது பேசினார்கள். அதை நம்பித் திரும்பி வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் குடிசை போட்டவர்களை, 1979இல் அவர்களது அரசே போலீஸை ஏவி விரட்டியது. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்குகூட இன்றுவரை தீரவில்லை.

பாஜகவின் கதையும் இதுவே. வாஜ்பாய் அரசு 2003இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தம், ஆவணமின்றி வந்தவர்களை எந்த மதத்தவரானாலும் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்றது. பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்டவரானால், அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கும் குடியுரிமை இல்லை. அந்த அரசின் அமைச்சரவையில் அப்போது மம்தாவும் இருந்தார். தாங்கள் பூட்டிய கதவை 2019இல் பாதி திறந்து, அதற்கே வாக்குக் கேட்டது பாஜக. முஸ்லிம்கள் அதில் விடுபட்டார்கள். மதுவா மக்கள் கேட்டது நிபந்தனையற்ற குடியுரிமை. 2024 மார்ச்சில் வந்த விதிகளோ எந்த நாட்டிலிருந்து வந்தாய், எப்போது வந்தாய் என்பதற்குச் சான்று கேட்கின்றன. விண்ணப்பித்தால் நாமே நம்மை வெளிநாட்டவர் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்றார் மம்தா. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 2003இல் தான் ஏன் எதிர்க்கவில்லை என்பதையும் அவர் அம்மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2019 சட்டத்தில் இலங்கை இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக நம் மாவட்டங்களிலிருந்து போனவர்களில் ஏராளமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் வழிவந்தவர்களில் சிலர் போருக்குத் தப்பி வந்து இன்றும் நம்மூர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். 2025 இறுதியில் வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், 20 ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் பெயர் தேடிய அனுபவம் நம் கிராமங்களுக்கும் உண்டு. பிழைப்புக்கு ஊர் ஊராகப் போகும் செங்கல் சூளைத் தொழிலாளியிடம் பழைய தாள் எங்கே இருக்கும்? நிலமில்லாதவரிடம் பத்திரம் ஏது?

கல்லூரி மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு தலைவர் 'ஊடுருவல்காரர்' என்றாலும் 'என் உறவுகள்' என்றாலும், கைதட்டும் முன் அவர் எந்தச் சட்டத்துக்கு வாக்களித்தார், எதைத் திருத்தக் கேட்டார் என்று பாருங்கள். முகாமில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை தருவோம் என்று நம் ஊர் மேடையில் பேசுபவர்களிடமும் அதையே கேளுங்கள். எந்தச் சட்டப்பிரிவின் கீழ், எந்தத் தேதிக்குள் என்று அவர்கள் சொல்லட்டும்.