மனநோயைப் ‘பிறவிக் கோளாறு’ என எழுதி ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் படைவீரர்கள் சார்பில் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர்,
முன்னாள் படைவீரர் நலச் சங்கம், வட்டக் கிளை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

வழி: உதவி இயக்குநர், முன்னாள் படைவீரர் நலம்.

பொருள்: இலங்கையில் ‘ஆபரேஷன் பவன்’ நடவடிக்கையில் பணியாற்றி, மனநோய் காரணமாக மருத்துவ வாரியத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யப் பரிந்துரைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. படைவீரர் இழப்பு ஓய்வூதியத் தகுதி விதிகள், 1982: விதிகள் 5, 9, 14.
2. தரம்வீர் சிங் எதிர் இந்திய ஒன்றியம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஜூலை 2013.
3. எங்கள் முந்தைய மனுக்கள். தேதிகள் தங்கள் கோப்பில் இருக்கும். இல்லையென்றால் எங்கள் கோப்பில் ஒப்புகைச் சீட்டோடு இருக்கின்றன.

ஐயா,

எங்கள் சங்கம் பதிவு பெற்றது. உறுப்பினர்கள் தரைப்படையில் பணியாற்றியவர்களும் அவர்களுடைய மனைவியரும்.

கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி தங்களுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர்களுக்கும் எழுதியதுதான். ஆட்சியர் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னாள் படைவீரர் குறைதீர் நாளில் மனுவை வாங்கிக்கொண்டு சீட்டு தருகிறார்கள். சில வாரங்களில், “மனு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது” என்று ஒரு தாள் வரும். சம்பந்தப்பட்ட அலுவலகம் அதைப் படைப்பிரிவின் ரிக்கார்டு ஆபீசுக்கு அனுப்பும். ரிக்கார்டு ஆபீஸ், “மாவட்ட நல அலுவலகம் வழியாக உரிய முறையில் விண்ணப்பிக்கவும்” என்று எழுதும். மாவட்ட நல அலுவலகத்தில்தான் மனுவை முதலில் கொடுத்திருந்தோம். எனவே இம்முறை சுருக்கமாக எழுதுவதாக இல்லை. சுருக்கமாக எழுதிய மனுக்களுக்கு என்ன ஆயிற்று என்பது எங்களுக்குத் தெரியும்.

கோரிக்கை 1: ‘பணியால் வந்ததல்ல’ என்ற முத்திரையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்

இந்திய – இலங்கை ஒப்பந்தம் 1987 ஜூலை 29-இல் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப்படை அங்கே இறங்கத் தொடங்கியது. அக்டோபரில் அமைதிப்பணி போராக மாறியது. அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். 1990 மார்ச் 24-இல் கடைசி அணி திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டது. ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தார்கள், 3,000-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த மனு அந்தக் கணக்கில் சேராதவர்களுக்காக.

தமிழ் தெரிந்த சிப்பாய்க்கு அங்கே கூடுதலாக ஒரு வேலை இருந்தது. வீட்டுச் சோதனைக்குப் போகும்போது, மொழி தெரிந்தவன் என்று அவனை முன்னால் நிறுத்துவார்கள். வடக்கிலிருந்து வந்த சிப்பாய்க்கு உள்ளே கேட்பது வெறும் கூச்சல். எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கதவைத் திறந்த கிழவி “தம்பி” என்றுதான் கூப்பிட்டாள். அங்கே பொதுமக்கள் பட்ட துன்பத்தை இந்த மனு மறைக்கவில்லை, குறைத்தும் எழுதவில்லை. அதைப் பார்த்தவர்களும், அதில் பங்கு இருந்தவர்களும் எங்கள் உறுப்பினர்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதில் அதுவும் ஒன்று.

திரும்பி வந்த படையினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அதை நியாயம் என்றவர்கள் உண்டு, இன்றும் உண்டு. அந்த வழக்கை நாங்கள் இங்கே நடத்தவில்லை. கார்கிலிலிருந்து வந்தவனுக்கு ஊர் எல்லையில் மேளம் கொட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் எங்கே இருந்தான் என்பதை டீக்கடையில்கூடச் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லாமலே இருக்கிறான்.

எங்கள் உறுப்பினர் ஒருவர், நாயக்காக இருந்தவர், இன்றுவரை சிறுபாலத்தின் மேல் நடப்பதில்லை. அங்கே சாலையோரத்திலும் பாலத்தடியிலும் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள். அவருக்கு முன்னால் போன வண்டி அப்படித்தான் போயிற்று. டவுன் பஸ் ஓடைப் பாலத்தை நெருங்கும்போது இறங்கி, ஓடைக்குள் இறங்கிக் கரையேறி அடுத்த நிறுத்தத்தில் மறுபடி ஏறுவார். கண்டக்டர்கள் பழகிவிட்டார்கள், ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். புதிதாக மண் கிளறிய இடத்தில் கால் வைக்க மாட்டார். உழுத வயலில் கால் வைக்க முடியாதவர் விவசாயம் எப்படிப் பார்ப்பார்? தகப்பன் வழி வந்த நிலத்தை விற்றுவிட்டார். இன்னொருவர் இரவில் வாசல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். குடியில் விழுந்தவர்கள் பலர். தானே உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுடைய மனைவியரின் கையெழுத்து இம்மனுவின் கடைசித் தாளில் இருக்கிறது.

இவர்களை இராணுவ மனநல மருத்துவர்கள் பார்க்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பார்த்தார்கள். ‘ஷேப்’ என்ற உடற்தகுதிக் கணக்கில் ‘எஸ்’ என்பது மனநிலைக்கு உரியது. அதில் கீழ் வகைக்குத் தள்ளி, பிறகு மருத்துவ வாரியம் வழியாக வெளியேற்றினார்கள், அதாவது போர்டு அவுட் செய்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பெயரோடு இடம்பெற்றுவிட்டது. எங்கள் ஆட்களின் போர்டு தாள்களிலோ நியூரோசிஸ், சைக்கோசிஸ், ஸ்கிசோஃப்ரினியா, குடிநோய் என்றுதான் எழுதியிருக்கிறது. பெயர் எதுவானாலும் போகட்டும். அதற்கடுத்த கட்டத்தில் எழுதிய ஒரு வரிதான் எங்களைக் கொல்கிறது: “இராணுவப் பணியால் வந்ததுமல்ல, பணியால் அதிகமானதுமல்ல, பிறவிக்கூறு சார்ந்த கோளாறு.” காரணம் எழுதும் இடத்தில் ஒன்றுமில்லை. சில தாள்களில் ஒரு கோடு இழுத்திருக்கிறது.

இந்த ஒரு வரியால் இயலாமை ஓய்வூதியம் போயிற்று. பத்தாண்டு பணி நிறையாதவருக்கு வேறு ஓய்வூதியமும் இல்லை, ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வூதியம் இல்லாததால் முன்னாள் படைவீரர்களுக்காக 2003-இல் வந்த ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டமும் இல்லை. அதாவது, மனநோய் என்று சொல்லி வெளியேற்றப்பட்டவருக்கு அந்த மனநோய்க்கு மருந்து வாங்கக்கூட வழியில்லை. பத்தாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கும் நோய் ஓய்வூதியம் உண்டு என்று 2020 ஜூலையில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. மகிழ்ந்தோம். பிறகு படித்துப் பார்த்தோம்: 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டும்.

இனி விதிக்கு வருகிறோம். முந்தைய மனுக்களிலும் இதையே எழுதினோம். எந்தப் பதிலிலும் இந்த விதிகளின் எண்கூட இடம்பெறவில்லை என்பதால் மீண்டும் எழுதுகிறோம்.

1982 விதிகளில் 5-ஆவது விதி சொல்வது இது. பணியில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் குறித்துவைக்கப்பட்ட குறைகள் தவிர, ஒருவர் உடலாலும் மனத்தாலும் நல்ல நிலையில் இருந்ததாகவே கொள்ள வேண்டும். பின்னர் மருத்துவக் காரணத்தால் அவர் வெளியேற்றப்பட்டால், அந்த நலக்கேடு பணியால் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். எங்கள் ஆட்களைச் சேர்த்தது இராணுவம்தான். நெஞ்சளவு எடுத்து, ஓடவிட்டு, பல்லைப் பிடித்துப் பார்த்து, தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்திட்டதும் இராணுவ மருத்துவர்தான். அன்று தெரியாத பிறவிக் கோளாறு, யாழ்ப்பாணம் போய் வந்த பிறகு மட்டும் எப்படித் தெரிந்தது?

14-ஆவது விதியின் ‘ஆ’ பிரிவு: சேரும்போது குறிக்கப்படாத நோயால் ஒருவர் வெளியேற நேர்ந்தால், அந்நோய் பணியில் உண்டானதாகவே கருதப்படும். முன்பே இருந்த நோயை அப்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணத்தை எழுத வேண்டும். காரணத்தை எழுத வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது, நாங்கள் சேர்த்ததல்ல. இழுத்த கோடு காரணமாகாது.

9-ஆவது விதி: தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு கோருபவர்மேல் இல்லை, நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே, களப்பணியில் இருந்தவர்களின் கோரிக்கையில் இன்னும் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் பவன் களப்பணி அல்ல என்று இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதினால் அதையும் பார்க்க ஆவலாக இருக்கிறோம்.

இந்த விதிகளை வரிவரியாக எடுத்துப் பொருள் சொன்னதுதான் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்த வழக்கில் சிப்பாய்க்கு வந்தது வலிப்பு நோய். ஏறத்தாழ ஒன்பதாண்டு பணியாற்றி வெளியேற்றப்பட்டவர். அவருடைய போர்டு தாளிலும் நோய்க்கும் இராணுவப் பணிக்கும் தொடர்பில்லை என்றுதான் எழுதியிருந்தது. சேரும்போது குறிப்பு ஏதும் இல்லை, வாரியம் காரணமும் எழுதவில்லை. ஆகவே நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வலிப்பு நோய்க்குத்தானே, மனநோய்க்குப் பொருந்தாது என்று எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். விதி 5 ‘மனத்தாலும்’ என்கிறது. மேலும், மனச்சிதைவு நோயால் வெளியேற்றப்பட்ட சிப்பாயின் வழக்கிலும், காரணம் எழுதாத மருத்துவ வாரியக் கருத்து செல்லாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான ஓய்வூதிய வழிகாட்டி நூலின் 2008 திருத்தத்தைப் பார்த்தாலும், போர்ப் பகுதியில் பணியாற்றும்போது உண்டாகும் மனநோயைப் பணியால் வந்ததாக ஏற்கலாம் என்றுதான் இருக்கிறது.

“தற்போது 2008 விதிகளும் 2023 விதிகளும் நடைமுறையில் உள்ளன” என்று ஒரு பதில் வந்தது. அவை பின்னால் வந்தவர்களுக்கு. எங்கள் ஆட்கள் வெளியேறியபோது நடப்பில் இருந்தவை 1982 விதிகள். அன்றைய வெளியேற்றத்தை அன்றைய விதியால்தான் அளக்க வேண்டும்.

அடுத்த பதில்தான் எங்களை அதிகம் புண்படுத்தியது. ஓய்வூதியம் பெறாதவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டு கெடு முடிந்தால் அழிக்கப்படும். ஆகவே மருத்துவ வாரிய அறிக்கை கைவசம் இல்லை. ஆதாரம் இருந்தால் மனுதாரர் தாக்கல் செய்யலாம் என்கிறார்கள். 1990-இல் வெளியேறியவரின் தாள்கள் 2015-இல் எரிக்கத் தகுதி பெற்றன. உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லி இரண்டே ஆண்டில். ஓய்வூதியம் தராததால் அவர் ஓய்வூதியர் அல்லர், ஓய்வூதியர் அல்லாததால் தாள்களை அழித்தார்கள், தாள்கள் இல்லாததால் ஓய்வூதியம் இல்லை. அழித்த கைதான் இப்போது ஆதாரம் கேட்கிறது. 9-ஆவது விதி ஆதாரத்தை எங்களிடம் கேட்கவே கூடாது என்கிறது. எங்களிடம் மிஞ்சியிருப்பது டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் மருத்துவக் காரணத்தால் வெளியேறினார் என்று எழுதியிருக்கிறது. விதிப்படி அது போதும்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போகலாமே என்று யோசனை சொல்கிறார்கள். போனவர்கள் உண்டு, வென்றவர்களும் உண்டு. ஆனால் காலம் கடந்து வழக்கிட்டவருக்கு நிலுவையை மூன்று ஆண்டுக்கு மட்டுமே கணக்கிடுவதுதான் வழக்கம். அதோடு, பாலத்தைக் கடக்காமல் ஓடைக்குள் இறங்கும் மனிதர் தனியாகச் சென்னைக்கு ரயிலேறி, வழக்கறிஞர் பிடித்து, வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்பாரா? போய் நிற்கத் தெம்புள்ளவருக்கு இந்த ஓய்வூதியம் அவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியதாக நாங்கள் கேட்பது: மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட அமைதிப்படையினரின் பட்டியலை மாவட்ட நல அலுவலகம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டு தயாரிக்க வேண்டும். அப்பட்டியலைப் பரிந்துரைக் கடிதத்தோடு, 5, 9, 14-ஆம் விதிகளைக் குறிப்பிட்டு, பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறைக்குத் தாங்கள் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். ஆவணம் இருந்தால் மறு ஆய்வு மருத்துவ வாரியம் காரணத்தை எழுத்தில் தரட்டும். ஆவணம் அழிக்கப்பட்டிருந்தால் ஐயத்தின் பலனைக் கோருபவருக்குத் தந்து முடிக்கட்டும். இறந்துவிட்டவர்களின் மனைவியருக்கும் இது பொருந்த வேண்டும். தங்களிடம் ஓய்வூதியம் கேட்கவில்லை. அது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்பதை முந்தைய பதில்கள் போதுமான அளவு விளக்கிவிட்டன. தங்கள் கையொப்பம் தங்கள் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

கோரிக்கை 2: குடிப்பழக்கம் காரணமாக நான்கு சிவப்பு மைத் தண்டனைப் பதிவுகள் பெற்று வெளியேற்றப்பட்டவர்களின் நிலையையும் ஆராய வேண்டும். நான்கு பதிவு ஆனவுடன் தானாக வெளியேற்றிவிடக் கூடாது, பணிச்சூழலையும் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று இராணுவத் தலைமையகத்தின் 1988 டிசம்பர் 28 சுற்றறிக்கை கூறுகிறது. 2015-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

கோரிக்கை 3: ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் வாரத்தில் ஒரு நாளேனும் தமிழ் பேசும் மனநல மருத்துவர் வருவதற்கு ஆவன செய்ய வேண்டும்.

கோரிக்கை 4: ஈசிஎச்எஸ் தகுதி இல்லாதவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தொடர்ந்து மருந்து வழங்க வேண்டும்.

கோரிக்கை 5: ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதிய இணையதளத்தில் ஆயுள்சான்று பதிவதற்கு மாவட்ட நல அலுவலகத்தில் உதவியாளர் ஒருவரை அமர்த்த வேண்டும்.

கோரிக்கை 6: குறைதீர் கூட்ட அரங்கில் நாற்காலிகளும் குடிநீரும் போதிய அளவில் வைக்க வேண்டும்.

கோரிக்கை 7: டிசம்பர் 7 கொடிநாள் நிகழ்ச்சிக்கு அமைதிப்படையில் பணியாற்றியவர்களையும் அழைக்க வேண்டும்.

3 முதல் 7 வரையிலானவற்றை நிறைவேற்றிவிட்டு, “மனுவின் பெரும்பாலான கோரிக்கைகள் ஏற்கப்பட்டன” என்று பதில் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். முன்பு ஒருமுறை அப்படி நடந்தது, நாற்காலிகள் வந்தன.

கோரிக்கை 1-க்கு எழுத்து வடிவில் பதில் வேண்டும். ஏற்க இயலாது என்றால், 1982 விதிகளில் எந்த விதியின்படி இயலாது என்று அதன் எண்ணைக் குறிப்பிட்டு எழுதவும். “உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது” என்ற தாளைப் பதிலாக ஏற்க மாட்டோம். அது வந்தால் இந்த மனுவையே தேதி மாற்றி மீண்டும் தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர்.

இணைப்பு: 1. 1982 விதிகள் 5, 9, 14 – நகல். 2. 2013 தீர்ப்பு – நகல். 3. உறுப்பினர்களின் டிஸ்சார்ஜ் புத்தக நகல்கள். 4. முந்தைய மனுக்களும் ஒப்புகைச் சீட்டுகளும். 5. உறுப்பினர்கள், இறந்தோரின் மனைவியர் கையொப்பங்கள். கையெழுத்திட இயலாதவர்களின் இடது பெருவிரல் ரேகைகள்.